கொச்சீஸ் சண்டை போட்டது யாருக்காக? ஓர் அப்பாச்சித் தலைவரின் வீடும் போரும்

மலைக்காற்று:

அப்பாச்சி (அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பழங்குடி மக்கள்) என்றால் ஜெரோனிமோ, அதோடு கதை முடிந்தது என்றுதான் இங்கே பலர் எழுதுகிறார்கள். ஜெரோனிமோ பரம்பரைத் தலைவர் இல்லை. மந்திர சக்தி உள்ளவர் என்று நம்பப்பட்ட போர்வீரர், சண்டையில் முன்னால் நிற்பவர். சிரிகாவா அப்பாச்சிகளில் சொகோனென் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் கொச்சீஸ். இன்றைய அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய மலைகள்தான் அவர் மண். 1810-ஐ ஒட்டிப் பிறந்தவர், 1874-ல் இறந்தார்.

1861 முதல் 1872 வரை 11 வருடம் அமெரிக்கப் படை அவரைப் பிடிக்க முடியாமல் திணறியது. இதை ‘நிலத்துக்கான போர்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அது ஒரு குடும்பப் பழி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

1861 ஜனவரி கடைசியில் சொனோய்டா பள்ளத்தாக்கில் ஜான் வார்ட் என்பவரின் பண்ணைக்குள் அப்பாச்சிகள் சிலர் புகுந்து மாடுகளை ஓட்டிப்போனார்கள். கூடவே 12 வயதுப் பையன் ஒருவனையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பெயர் ஃபெலிக்ஸ், வார்டுடன் வாழ்ந்த பெண்ணின் மகன். கொச்சீஸ் ஆட்கள்தான் செய்தார்கள் என்று வார்ட் அடித்துச் சொன்னார். லெப்டினன்ட் ஜார்ஜ் பாஸ்கம் 54 சிப்பாய்களோடு கிளம்பி வந்தார். ராணுவப் பள்ளியிலிருந்து வெளியே வந்து மூன்று வருடம்கூட ஆகாதவர்.

பிப்ரவரி 4 அன்று அப்பாச்சிக் கணவாயில் பாஸ்கமின் கூடாரத்துக்குக் கொச்சீஸ் வந்தார். யார் யாரோடு வந்தார் என்று பாருங்கள். மனைவி, குழந்தைகள், சகோதரன் கோயுந்துரா, உறவுப் பையன்கள் இரண்டு பேர். சண்டைக்குப் போகிறவன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டா போவான்? அந்தக் கணவாயில் பட்டர்ஃபீல்ட் தபால் வண்டி நிலையம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களோடு அவருக்கு நல்ல பழக்கம். சாப்பிடக் கூப்பிட்டார்கள், வந்தார்.

பையன் எங்கே என்று பாஸ்கம் கேட்டார். எடுத்தது நாங்கள் இல்லை, வடக்கே இருக்கும் வேறு அப்பாச்சிகள். பத்து நாள் பொறுத்தால் விசாரித்து மீட்டுத் தருகிறேன் என்றார் கொச்சீஸ். பையன் வரும்வரை நீங்கள் எல்லோரும் கைதிகள் என்றார் பாஸ்கம். அவ்வளவுதான், கத்தியை உருவிக் கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு கொச்சீஸ் வெளியே பாய்ந்தார். சுட்டார்கள். மலை ஏறித் தப்பிவிட்டார். வீட்டு ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அவர்களை மீட்கக் கொச்சீஸ் தானும் ஆட்களைப் பிடித்தார். தபால் நிலைய ஊழியர் வாலஸ் ஒருவர், வண்டிக் கூட்டத்திலிருந்து மூன்று அமெரிக்கர்கள். மாற்றிக்கொள்வோம் என்று கேட்டுப் பார்த்தார். பையன் இல்லாமல் பேச்சே இல்லை என்றார் பாஸ்கம். கடைசியில் நான்கு பேரையும் கொச்சீஸ் கொன்றார். பிப்ரவரி 19 அன்று ராணுவம் ஆறு அப்பாச்சிகளை மரத்தில் தூக்கிலிட்டது. கோயுந்துராவும் உறவுப் பையன்கள் இருவரும் அதில் உண்டு. மற்ற மூன்று பேர் வேறு பிரிவு, வேறு விஷயத்தில் பிடிபட்டவர்கள். மனைவியையும் குழந்தைகளையும் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் 11 வருடம்.

பழைய பேனா:

தம்பி, கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதியிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்.

1861-க்கு முன்னால் கொச்சீஸ் என்ன செய்துகொண்டிருந்தார்? எல்லை தாண்டி மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக்குள் போய் ஆடு மாடு குதிரை ஓட்டிவருவது, வழியில் நின்றவனைக் கொல்வது. பல வருடங்கள் இதுதான். அப்பாச்சித் தாக்குதல் தாங்காமல் வடக்கு சொனோராவில் பண்ணைகளையும் ஊர்களையும் காலி செய்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். அந்த மெக்சிகோக்காரர்களுக்கும் குடும்பம் இருந்தது.

இன்னொன்றை லேசாகத் தாண்டிவிட்டீர்கள். வாலஸ் பிடிபட்ட நாட்களில் அந்த வண்டிக் கூட்டத்தில் மெக்சிகோக்காரர்களும் இருந்தார்கள். அவர்களை வண்டிச் சக்கரத்தில் கட்டி எரித்துவிட்டார்கள். இது நடந்தது தூக்குக்கு முன்னால். அமெரிக்கர்களை உயிரோடு வைத்துக்கொண்டது மாற்றுக்கு உதவும் என்பதற்காக. மெக்சிகோக்காரர்களுக்கு அந்த மதிப்புகூட இல்லை. வாலஸும் கொச்சீஸோடு பழகியவர்தான், பேசலாம் என்று நம்பித்தான் வெளியே போனார்.

பாஸ்கம் முட்டாள்தனம் செய்தார், சரி. அதை வைத்து இவரைப் பாசமுள்ள குடும்பத் தலைவர் என்று மட்டும் வரைவது சினிமா வேலை.

மலைக்காற்று:

ஐயா, கொள்ளையடித்தார் என்பதை நான் எங்கே மறுத்தேன்? அப்பாச்சிகளே இரண்டையும் வேறாகத்தான் பார்த்தார்கள். சாப்பாட்டுக்கும் குதிரைக்கும் போவது ஒன்று. அதில் ஆட்கள் குறைவு, சத்தமில்லாமல் போய் வருவார்கள், சண்டையைத் தவிர்ப்பார்கள். செத்த உறவுக்காரனுக்குப் பழி வாங்கப் போவது வேறு. அதைக் கேட்டுத் தொடங்கிவைப்பதே செத்தவனின் வீட்டார்தான். அதில் போகிறவர்கள் எதிர்ப்பக்கத்து ஆள் எவன் கிடைத்தாலும் விடமாட்டார்கள். 1861-க்கு முன் அமெரிக்கர்களோடு இருந்தது, இதை வைத்துச் சொன்னால், முதல் வகை உரசல். பிறகு வந்தது இரண்டாவது.

மெக்சிகோ விஷயம் இன்னும் பழையது. 1835-லேயே சொனோரா அரசு அப்பாச்சித் தலைத்தோலுக்கு விலை வைத்துவிட்டது. ஆண் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. பின்னால் பக்கத்து மெக்சிகோ மாநிலமான சிவாவாவும் அதே வழியில் போனது. 1846-ல் கலேயானா ஊரில், சமாதானம் என்று நம்பி வந்த சிரிகாவாக்களுக்கு விருந்து வைத்து, விடியற்காலையில் ஜேம்ஸ் கிர்க்கரின் கூலிப்படை ஏறக்குறைய 130 பேரைக் கொன்றது. பெண்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து. சக்கரத்தில் கட்டி எரித்தது கொடூரம்தான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பேசலாம்.

செல்வி_திருமங்கலம்:

எல்லோரும் துப்பாக்கி பற்றியே பேசுகிறீர்கள். தலைப்பில் ‘வீடு’ என்று போட்டிருக்கிறார் மலைக்காற்று அண்ணா. அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள்? மனைவி பெயர்கூட யாரும் சொல்லவில்லையே. அப்புறம், கூடாரத்தில் மாட்டிக்கொண்ட குழந்தைகள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள்?

வேங்கைமரம்:

செல்வி கேட்டது நல்ல கேள்வி. மானிடவியல் பக்கம் கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மனைவி பெயர் தோஸ்-தே-சே. இவர் சாதாரண வீட்டுப் பெண் இல்லை, மங்காஸ் கொலோராதாஸின் மகள். கிழக்கே நியூ மெக்சிகோ பக்கம் இருந்த அப்பாச்சிகளின் மாபெரும் தலைவர் மங்காஸ், ஆறடிக்கு மேல் உயரம். சிரிகாவாவில் ஒவ்வொரு பிரிவும் தனித்தனி, எல்லாருக்கும் ஒரே ராஜா என்று யாரும் கிடையாது. பிரிவுகளைச் சேர்த்துக் கட்டியது கல்யாணம்தான். மாமனாரும் மருமகனும் சேர்ந்து படை எடுத்த சண்டைகள் எத்தனையோ.

அப்பாச்சி வழக்கத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுப் பக்கம் போய்க் குடியேறுவான். தாயும் மகள்களும் பக்கத்துப் பக்கத்துக் குடிசைகளில் இருப்பார்கள். கழிகளை வளைத்து நட்டுப் புல்லும் தழையும் போர்த்திய வட்டக் குடிசை. மாப்பிள்ளை வேட்டையாடிக் கொண்டுவரும் கறி மாமியார் வீட்டுக்குப் போகும். ஆனால் மாமியார் முகத்தை மாப்பிள்ளை பார்க்கக் கூடாது! பேசவும் கூடாது, எதிரில் வந்தால் ஒருவர் ஒதுங்கிப் போய்விட வேண்டும். பகை என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் மரியாதை. (நம் ஊர் மருமகன்கள் சிலர் இதைக் கேட்டால் உடனே அரிசோனாவுக்கு டிக்கெட் போடுவார்கள்.) தலைவர்கள் வீட்டில் வழக்கம் கொஞ்சம் தளரும். பெரிய தலைவன் தன் கூட்டத்தை விட்டு மாமனார் கூட்டத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட முடியாது.

தோஸ்-தே-சேக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் டாசா, இளையவர் நைச்சே. வேறு மனைவிகளும் கொச்சீஸுக்கு உண்டு, அந்த வழியில் மகள்களும் உண்டு. பல மனைவிகள் வைத்துக்கொள்வது வசதியுள்ள தலைவர்களிடையே சகஜம். கூடாரத்தில் பிடிபட்ட குழந்தைகளில் நைச்சேயும் ஒருவன் என்பார்கள். அப்போது நான்கைந்து வயது இருக்கும்.

இன்னொன்று. தலைவன் என்றால் உத்தரவு போடுகிறவன் என்று நாம் நினைக்கிறோம். அங்கே பிடிக்காவிட்டால் ஆட்கள் குடும்பத்தோடு வேறு தலைவனிடம் போய்விடுவார்கள். விதவைக்கும் வயதானவர்களுக்கும் கறி போய்ச் சேர்கிறதா, பங்கு நியாயமாகப் பிரிகிறதா என்று பார்த்துத்தான் பின்னால் நிற்பார்கள். கொச்சீஸ் கொஞ்சம் விதிவிலக்கு. அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது என்று நேரில் பார்த்த வெள்ளைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிடி அவருக்கு முன்னால் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

குமரி_வாசகன்:

கொச்சீஸ் படம் என்று இணையத்தில் ஒன்று சுற்றுகிறதே, நீள முடி, கூர்மையான மூக்கு. அதை இங்கே போடட்டுமா?

மட்டுறுத்துநர்:

போடாதீர்கள். அது வேறு ஒருவருடைய படம், கொச்சீஸ் இறந்து பல வருடம் கழித்து எடுத்தது. கொச்சீஸைப் புகைப்படம் எடுத்ததற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் கிடையாது. இதே படத்தை முன்னால் இரண்டு இழைகளிலிருந்து நீக்கியிருக்கிறோம்.

பீனிக்ஸ்வாசி:

நான் வேலைக்காக அரிசோனாவில் இருப்பவன். அந்தக் கணவாய்க்குப் போயிருக்கிறேன். வரைபடத்தில் பார்த்தால் புரியாத ஒன்று நேரில் போனால் உடனே புரியும்: தண்ணீர்.

டக்சனிலிருந்து கிழக்கே போனால் ஒரே வறண்ட சமவெளி. தெற்கே சிரிகாவா மலை, வடக்கே தோஸ் கபேசாஸ் மலை, இரண்டுக்கும் நடுவில் இந்தக் கணவாய். அதற்குள் வருடம் முழுக்க வற்றாத சின்ன ஊற்று. கிழக்கேயும் மேற்கேயும் போகிற வண்டி எதுவானாலும் அங்கேதான் நின்றாக வேண்டும், குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தண்ணீர் காட்டாமல் அடுத்த இடம் போக முடியாது. அதனால்தான் தபால் நிலையமும் அங்கேயே, கொச்சீஸ் கூட்டமும் அங்கேயே.

இப்போது அது ஃபோர்ட் பௌயி தேசிய வரலாற்றுத் தலம். வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். கதையில் வரும் எல்லாமே அந்தப் பாதை ஓரத்தில்தான். தபால் நிலையத்தின் கல் அடித்தளம், பாஸ்கம் கூடாரம் போட்ட இடம், ராணுவக் கல்லறை, அப்புறம் அந்த ஊற்று. ஊற்றைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பாறை இடுக்கில் கசிகிறது, ஒரு தாவு தாவினால் தாண்டிவிடலாம். இதற்காகவா அத்தனை பேர் செத்தார்கள் என்று தோன்றும்.

கல்லறையில் ஒரு பலகை, ‘லிட்டில் ரோப்’ என்று. ஜெரோனிமோவின் மகன், இரண்டு வயது, 1885-ல் ராணுவக் காவலில் இறந்த குழந்தை. அம்மாவும் பிள்ளைகளும் பிடிபட்டு அங்கே இருந்தார்கள், அப்பா மலையில் இருந்தார்.

1862 ஜூலையில் நடந்த அப்பாச்சிக் கணவாய்ச் சண்டையும் இந்த ஊற்றுக்காகத்தான். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த படை வெயிலில் நடந்து தாகத்தோடு வந்தது. மங்காஸும் கொச்சீஸும் மேலே பாறைகளில் கற்களை அடுக்கி மறைவு கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். படையிடம் இரண்டு சின்னப் பீரங்கி இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் தண்ணீர் கிடைத்திருக்காது. சண்டை முடிந்த அந்த மாதமே கோட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

குமரி_வாசகன்:

அந்தப் பையன் ஃபெலிக்ஸ் கடைசியில் கிடைத்தானா இல்லையா?

வேங்கைமரம்:

கிடைக்கவில்லை, ஆனால் சாகவும் இல்லை. கொச்சீஸ் சொன்னது சரிதான். பையனை எடுத்துப்போனவர்கள் வடக்கேயுள்ள மேற்கு அப்பாச்சிகள். அவர்களிடமே வளர்ந்து, பெரியவனானதும் அமெரிக்க ராணுவத்திலேயே சாரணனாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் சேர்ந்தான். ‘மிக்கி ஃப்ரீ’ என்ற பெயரில் அவனை ராணுவ வரலாற்றில் பார்க்கலாம். பிற்காலத்தில் சிரிகாவாக்களைத் தேடிப் போன படைகளுக்கு உதவியவர்களில் அவனும் ஒருவன்.

பாஸ்கம் அடுத்த வருடமே உள்நாட்டுப் போரில், வால்வெர்டே சண்டையில் செத்துப்போனார். தூக்கிலிடும் யோசனையைத் தானே சொன்னதாகப் பின்னால் எழுதிய ராணுவ மருத்துவர் பெர்னார்ட் அர்வினுக்கு, அந்த வாரம் கணவாய்க்கு உதவிப்படை கொண்டுபோனதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. கிடைத்தது 1894-ல். அந்தப் பதக்கம் பெற்ற வீரச் செயல்களிலேயே காலத்தால் முந்தியது அதுதான். இந்த ஒரு தகவலே எனக்கு வயிற்றெரிச்சல்.

பழைய பேனா:

பதக்கம் உதவிப்படைக்கு, தூக்குக்கு அல்ல. அதைப் பிரித்துச் சொன்னதற்கு நன்றி.

மங்காஸ் சாவையும் யாராவது எழுதுங்கள். நானே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மலைக்காற்றின் கட்சிக்கு அதுதான் பெரிய பலம், அவர் விட்டுவிட்டார். 1863 ஜனவரியில் மங்காஸ் சமாதானம் பேச வெள்ளைக்கொடியை நம்பிப் போனார். வயது எழுபதை ஒட்டி. பிடித்து ஃபோர்ட் மெக்லேனில் வைத்தார்கள். இரவில் காவலர்கள் துப்பாக்கி ஈட்டியை நெருப்பில் காய்ச்சி அவர் காலில் வைத்திருக்கிறார்கள். எழுந்து சத்தம் போட்டதும் சுட்டுவிட்டு, தப்பிக்கப் பார்த்தார் என்று அறிக்கை எழுதினார்கள். பிறகு தலையை வெட்டி, வேகவைத்து, மண்டை ஓட்டை நியூயார்க்கில் மண்டையளவு பார்த்துக் குணம் சொல்லும் ஒரு ஆளுக்கு அனுப்பினார்கள். அப்பாச்சி நம்பிக்கையில் செத்தவன் எந்தக் கோலத்தில் போகிறானோ அதே கோலத்தில்தான் மறுமையில் இருப்பான். தலை இல்லாமல் அனுப்பியது கொலையைவிடப் பெரிய குற்றம் அவர்களுக்கு.

சகோதரன், உறவுப் பையன்கள், இப்போது மாமனார். சரி, குடும்பப் பழி என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த ஒன்பது வருடத்தில் செத்த தபால்காரன், சுரங்கக்காரன், வண்டியோட்டி எவனுக்கும் மங்காஸ் யாரென்றே தெரியாது.

மலைக்காற்று:

அது உண்மை, ஐயா. பழி அப்படித்தான் வேலை செய்யும். 1871 ஏப்ரல் 30 அன்று கேம்ப் கிராண்ட் ராணுவ முகாம் பக்கத்தில் ராணுவத்தை நம்பித் தங்கியிருந்த அரவைப்பா அப்பாச்சிகளை டக்சன் ஊர்க்காரர்கள் கொன்றதும் அதே கணக்கில்தான். 100 பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். வழக்கு நடந்தது. ஜூரி 19 நிமிடத்தில் எல்லோரையும் விடுதலை செய்தது. செத்த பெண்களுக்கும் கொச்சீஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்தப் படுகொலை வாஷிங்டனை உலுக்கியதால்தான் சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார்கள். ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர், பெரிய பக்திமான். கூட துணை அதிகாரி ஜோசஃப் ஸ்லேடன், வழிகாட்ட டாம் ஜெஃபர்ட்ஸ், அப்புறம் இரண்டு அப்பாச்சிகள், ச்சீயும் போன்சேயும். ஜெஃபர்ட்ஸ் தபால் வண்டி வேலை பார்த்தவர், தனியாகவே கொச்சீஸ் முகாமுக்குப் போய்ப் பேசி நண்பரானவர். ச்சீ, கொச்சீஸின் உறவுப் பையன். தூக்கிலிட்ட கோயுந்துராவின் மகன் என்றுகூடச் சொல்கிறார்கள். அப்படியானால் அவன் அப்பாவைக் கொன்ற படையின் ஜெனரலைத்தான் அவன் மலைக்குள் கூட்டிப்போயிருக்கிறான்.

1872 அக்டோபர் 1, டிராகூன் மலை. தன் ஆட்கள் வெளியூர்களில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் முடிவு சொல்ல முடியாது என்றார் கொச்சீஸ். அவர்கள் வரும்வரை சிப்பாய்கள் சுடக்கூடாது, அதை நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று ஹோவர்டை ஃபோர்ட் பௌயிக்கு அனுப்பினார். ஸ்லேடன் மட்டும் அங்கேயே தங்கினார். அவர் எழுதிவைத்த குறிப்புகள்தான் அந்த வீட்டை உள்ளிருந்து பார்க்க நமக்குக் கிடைத்த ஒரே ஜன்னல்.

கணவாயைப் பற்றி ஹோவர்டிடம் கொச்சீஸ் சொன்ன ஒன்று: தூக்கில் போட்டவர்களின் உடலை எலும்பாகும்வரை அப்படியே தொங்கவிட்டிருந்தார்கள். 11 வருடம் கழித்தும் பேச்சுவார்த்தையில் அதுதான் வந்தது.

செல்வி_திருமங்கலம்:

ஸ்லேடன் குறிப்புகளைப் பற்றி நானும் படித்தேன். அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஒரு ராத்திரி கொச்சீஸ் டிஸ்வின் குடித்துவிட்டு (மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து அவர்கள் செய்யும் மது) வீட்டுப் பெண்கள்மேல் பாய்ந்திருக்கிறார். பெண்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள்.

சகோதரனுக்காக 11 வருடம் சண்டை போட்டவர், சொந்த வீட்டில் இப்படி. ‘குடும்பத்தை நேசித்தவர்’ என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து. அவருடைய சகோதரி ஒருவர் முகாமின் வழியைக் காவல் காக்கிற இடத்தில் இருந்தார், அவர் சொல்லுக்கு ஆண்களிடமும் மதிப்பு இருந்தது என்றும் அதே ஸ்லேடன் எழுதுகிறார். அப்பேர்ப்பட்ட பெண்கள்கூட அந்த ராத்திரி ஓட வேண்டியிருந்தது.

வேங்கைமரம்:

சேர்த்துத்தான் எழுத வேண்டும், மறுப்பில்லை. குடி அந்தச் சமூகத்தையே ஆட்டிப்படைத்தது. பின்னால் சமாதானம் உடைந்ததற்கும் சாராயம்தான் தீப்பொறி, அதற்கு வருகிறேன்.

சமாதானம் வாய்வார்த்தையில்தான் நடந்தது, எழுதிய ஒப்பந்தம் கிடையாது. கொச்சீஸ் கேட்டது இரண்டு. ஒன்று, தன் மலைகளிலேயே இருக்கும் இடம். இரண்டு, ஜெஃபர்ட்ஸ்தான் அரசுப் பிரதிநிதியாக இருக்க வேண்டும். இரண்டும் கிடைத்தன. சிரிகாவா மலையும் டிராகூன் மலையும் சேர்ந்து, தெற்கே மெக்சிகோ எல்லைவரை ஒரு ஒதுக்கிடம். உள்ளே ராணுவத்துக்கு அதிகாரம் கிடையாது. அரிசோனா சாலைகளில் தபால் வண்டி காவலில்லாமல் ஓட ஆரம்பித்தது.

பழைய பேனா ஐயா கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: சொனோராவுக்குள் கொள்ளை நிற்கவில்லை. சமாதானம் அமெரிக்கர்களோடுதான், மெக்சிகோவோடு இல்லை என்பது அவர்கள் கணக்கு. சொனோரா அரசு கத்தியது, அரிசோனாவில் ராணுவத்துக்குத் தலைமை வகித்த ஜெனரல் குரூக் பல்லைக் கடித்தார்.

1874 ஜூன் 8-ல் கொச்சீஸ் இறந்தார். வயிற்றில் நோய், புற்றுநோய் என்றுதான் இன்று சொல்கிறார்கள். கடைசி நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை. நாம் மறுபடி சந்திப்போமா என்று ஜெஃபர்ட்ஸிடம் கேட்டாராம், மேலே எங்கோ பார்ப்போம் என்று நினைக்கிறேன் என்று அவரே சொன்னாராம். டிராகூன் மலையில் ஒரு பாறைப் பிளவில் அடக்கம் செய்தார்கள். அவருடைய குதிரையையும் நாயையும் கொன்று கூடவே போட்டார்கள். இடம் தெரிந்த ஒரே வெள்ளைக்காரர் ஜெஃபர்ட்ஸ். 1914-ல் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

குமரி_வாசகன்:

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? செல்வி அக்கா கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மலைக்காற்று:

டாசா தலைவரானார். அப்பா சாவதற்கு முன்னால் சமாதானத்தைக் காப்பாற்றச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அப்பாவுக்கு இருந்த பிடி மகனுக்கு இல்லை. ஸ்கின்யா, பியோன்செனே என்ற இருவர் தங்கள் ஆட்களோடு பிரிந்து போனார்கள். 1876 ஏப்ரலில் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் நிலையத்தில் பியோன்செனே சாராயம் வாங்கிக் குடித்தார். மறுபடி கேட்டபோது கிடைக்கவில்லை, விற்ற இருவரையும் சுட்டுக் கொன்றார். விற்கக்கூடாத சாராயத்தை விற்றவர்கள் அவர்கள். ஆனால் ஒதுக்கிடத்தையே மூடச் சாக்கு தேடிக்கொண்டிருந்த அரசுக்கு இதுவே போதும்.

ஜூனில் ஸ்கின்யாவும் பியோன்செனேயும் டாசாவிடம் வந்து, எல்லோரும் மலைக்குப் போய்ச் சண்டை போடுவோம் என்றார்கள். டாசாவும் நைச்சேயும் மறுத்தார்கள். முகாமுக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். நைச்சே ஸ்கின்யாவைச் சுட்டுக் கொன்றார், டாசா பியோன்செனேயைக் காயப்படுத்தினார். அப்பா கொடுத்த வாக்குக்காகச் சொந்த ஆளையே கொன்றவர்களை அடுத்த சில நாட்களில் அரசு மூட்டை கட்டச் சொல்லி சான் கார்லோஸ் என்ற வேறொரு ஒதுக்கிடத்துக்கு அனுப்பியது. 325 பேர் அளவில் போனார்கள். ஜெரோனிமோ முதலானவர்கள் மெக்சிகோ பக்கம் ஓடிவிட்டார்கள்.

அதே வருடம் அரசு அதிகாரி ஜான் கிளம், டாசாவைக் கிழக்கே அழைத்துப்போனார். வாஷிங்டனில் நிமோனியா வந்து செப்டம்பரில் டாசா இறந்துவிட்டார். அரசியல்வாதிகளும் தளபதிகளும் படுத்திருக்கிற காங்கிரஷனல் கல்லறையில் புதைத்தார்கள். அண்ணனை விஷம் வைத்துக் கொன்றார்கள் என்ற சந்தேகம் நைச்சேக்கு. உடம்பு முடியாமல் போன ஆள் பிணமாகக்கூடத் திரும்பவில்லை என்றால் யாருக்குத்தான் வராது?

பழைய பேனா:

இங்கேதான் உங்கள் கட்சி இடிக்கிறது, தம்பி. குடும்பப் பழிதான் எல்லாம் என்றால், நைச்சே ஸ்கின்யாவைச் சுட்டது எந்தப் பழிக்கு? அங்கே நடந்தது அரசியல். 325 பேரைப் பட்டினி இல்லாமல், குண்டு படாமல் எங்கே வைத்துக் காப்பாற்றுவது என்ற கணக்கு. கொச்சீஸும் 1872-ல் அதே கணக்கைத்தான் போட்டார். வயதாகிவிட்டது, ஆட்கள் குறைந்துவிட்டார்கள், மெக்சிகோவிலும் இடமில்லை. கோயுந்துராவுக்கான பழி தீர்ந்துவிட்டது என்று அவர் சண்டையை நிறுத்தவில்லை. இருக்கிறவர்களைப் பிழைக்கவைக்க நிறுத்தினார். அவரை மதிப்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும், கூடாரத்தைக் கிழித்ததைவிட இது பெரிது.

மலைக்காற்று:

பாதி ஒத்துக்கொள்கிறேன். தொடங்கியதற்கு என் காரணம், முடித்ததற்கு உங்கள் காரணம். ஆனால் ‘இருக்கிறவர்கள்’ என்று நீங்கள் சொல்கிற 325 பேரும் மாமன், மைத்துனன், பேரன் என்று ஒருவருக்கொருவர் உறவு. அவர்களுக்குள் அரசியலைத் தனியாகவும் வீட்டைத் தனியாகவும் நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள்?

பழைய பேனா:

ஸ்கின்யாவும் அவர்களில் ஒருவர்தானே. பிரித்தது நைச்சே, நான் இல்லை.

பீனிக்ஸ்வாசி:

நைச்சே கதையை நான் முடித்துவிடுகிறேன். 1886 செப்டம்பரில் ஸ்கெலிட்டன் பள்ளத்தாக்கில் ஜெரோனிமோ சரணடைந்தார் என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்லும். அந்தக் கூட்டத்தின் பரம்பரைத் தலைவர் நைச்சே. சரணடைந்தவர்களை மட்டும் இல்லை, சண்டையே போடாமல் ஒதுக்கிடத்தில் இருந்த சிரிகாவாக்களையும், அரசுக்கு உளவு பார்த்துக் கொடுத்த அப்பாச்சிச் சாரணர்களையும் சேர்த்து ரயிலேற்றி ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அப்புறம் அலபாமா, 1894-லிருந்து ஓக்லஹோமாவில் ஃபோர்ட் சில். பிள்ளைகளைப் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளிக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அங்கே காசநோயில் எத்தனையோ பேர் செத்தார்கள். நைச்சேயும் காவலில் இருந்த காலத்திலேயே பல பிள்ளைகளைப் பறிகொடுத்தார்.

ஃபோர்ட் சில்லில் அவர் மான் தோலில் ஓவியம் வரைந்தார். அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. திரும்பத் திரும்ப அவர் வரைந்தது போர் இல்லை, பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் நான்கு நாள் நடக்கும் சடங்கு. நடுவில் தீ, சுற்றி ஆடுகிறவர்கள், தலையில் கொம்புபோலக் கிரீடம் வைத்த மலைத்தேவதை வேஷக்காரர்கள், ஓரத்தில் வயதான பெண்கள்.

1913-ல்தான் விடுதலை. கைதாகி 27 வருடம். அரிசோனாவுக்குத் திரும்ப அனுமதி இல்லை. பெரும்பாலோர் நியூ மெக்சிகோவில் மெஸ்கலேரோ அப்பாச்சிகளிடம் போய்ச் சேர்ந்தார்கள், நைச்சேயும் அங்கேதான் போனார். கொஞ்சம் பேர் ஓக்லஹோமாவிலேயே தங்கினார்கள், அவர்கள் வழியில் வந்தவர்கள்தான் இன்றைய ஃபோர்ட் சில் அப்பாச்சிகள். டிராகூன் மலை இருக்கும் மாவட்டத்துக்கு மட்டும் 1881-லேயே கொச்சீஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

செல்வி_திருமங்கலம்:

நன்றி பீனிக்ஸ்வாசி. தோஸ்-தே-சே பற்றி யாராவது தனியாக எழுதினால் நன்றாக இருக்கும். அப்பா தலை வெட்டுப்பட்டார், கணவர் நோயில் போனார், மூத்த மகன் வாஷிங்டனில் போனார், இளைய மகன் கைதி. ஆறு பேர் பேசிய இந்த இழையில் அவர் பெயர் இரண்டு தடவைதான் வந்திருக்கிறது.

வேங்கைமரம்:

எழுதுகிறேன். இன்னொரு அப்பாச்சித் தலைவரான விக்டோரியோவின் சகோதரி லோசெனையும் சேர்த்து, அப்பாச்சிப் பெண்கள் என்று புது இழை தொடங்கிவிடலாம். சண்டையில் ஆண்களோடு சேர்ந்து நின்றவர் லோசென், கடைசியில் ஜெரோனிமோ கூட்டத்தோடு பிடிபட்டு அலபாமாவில் காவலில் இறந்தார். பழைய பேனா ஐயா அங்கேயும் வந்து சண்டை போட வேண்டும்.

பழைய பேனா:

தொடங்குங்கள், வருகிறேன். லோசெனைப் பற்றிச் சினிமாத்தனமாக எழுதினால் மட்டும் சும்மா இருக்கமாட்டேன்.